இடப்பக்கம் ஒடிக்காத வண்டி

செருப்பு கெடக்கட்டுங்க மாமா, அப்படியே உள்ள வாங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பொன்மணி, மாமாவுக்கு எளநி வெட்டச் சொல்லு. சொல்லிப்போட்டு நீ உள்ள போ, ஆம்பளைங்க பேசற விசயம்.

நவநீதனைப் பத்தி விசாரிக்கத்தான வந்தீங்க? தரகர் காலைலயே போன் பண்ணிட்டாருங்க. காங்கேயத்துல இருந்து பொண்ணோட தாய்மாமன் வர்றாரு, நல்லவிதமா நாலு வார்த்தை சொல்லுங்கன்னாரு. சொல்லீட்டாப் போச்சு. நான் சொல்லாம வேற யாரு சொல்றது? பங்காளி ஊட்டுப் பையன்தானுங்க. அவங்கப்பன் போய்ச் சேர்ந்ததுல இருந்து அந்தக் குடும்பத்துக்கு நல்லது கெட்டதுன்னா நான்தான் முன்ன நிக்கறது. பொண்ணு ஊட்டுக்காரங்க யாரு வந்தாலும், எங்க மருதாசலண்ணனைக் கேளுங்க, அவருக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும்னு அவனே எங்கிட்ட அனுப்பி வெச்சுருவான். உங்களுக்கு முன்னால வந்தவங்களும் இங்கதான் உக்காந்து எளநி குடிச்சாங்க. பாவம், அதெல்லாம் தட்டிப்போச்சு. ஏன்னு தெரியலீங்க. எல்லாம் நேரம்.

பையனைப் பத்திக் கேட்டா, தங்கமுங்க. குடி கெடையாது, பீடி சிகரெட்டு கெடையாது. கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனில இன்ஜினியர். அந்தா கெழக்கால சுத்துது பாருங்க, அது உச்சி வரைக்கும் ஏறி ரிப்பேர் பண்ணிப்போட்டு வருவான். கீழ நின்னு அண்ணாந்து பார்த்தாலே நமக்குக் கழுத்து சுளுக்கிக்கும். அவன் என்னமோ மாடிப்படி ஏறுற மாதிரி ஏறுவான். ஏறுவான்னு சொல்றேன், ஏறீட்டு இருந்தான். இப்ப ஏறுறதில்ல.

அதுதானுங்க விசயம். சொல்லாம உட்டுறலாம். ஆனா ஒரு பொண்ணோட வாழ்க்கை. நாளைக்கு நீங்க இதே வாசல்ல வந்து நின்னு, ஏன்டா மருதாசலம், தெரிஞ்சும் மறைச்சுப்போட்டியேன்னு ஒரு வார்த்தை கேட்டுறக்கூடாது பாருங்க. சம்பந்தம் ஆகுதோ இல்லையோ, மாமன் மச்சான் முறைதான நமக்குள்ள. அதைச் சொல்லோணும்னா என்ற வண்டியில இருந்து ஆரம்பிக்கோணும்.

வாசல்ல நிக்குதே, பார்த்தீங்களா? எண்டூரோன்னு ஒரு வகை மோட்டார் பைக்குங்க. காடு மேடு, கல்லு, மணலு எல்லாத்துலயும் போறதுக்குன்னே பண்றது. பொள்ளாச்சில ஒரு கோஷ்டி இருக்குது, ஞாயித்துக்கெழமையானா எல்லாம் இந்த மாதிரி வண்டிய எடுத்துட்டு வாய்க்கா மேட்டுலயும் ஓடை மணல்லயும் ஓட்டுவாங்க. டாக்டரு, மில்லுக்காரரு, எல்லாம் பெரிய எடம். என்னையும் கூப்புட்டாங்க. தேங்கா யாவாரத்துல நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு, பின்ன கூப்புடாம இருப்பாங்களா? சரின்னு போய் எடுத்தேன். அந்த ஷோரூம்ல ஒரு பையன், சார் உங்களுக்கு இதைவிடத் தணிஞ்ச மாடல் ஒண்ணு இருக்கு பாக்கறீங்களான்னான். அவன் எதுக்கு அப்படிக் கேட்டான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க. இருக்கறதுலயே உசரமான வண்டிய எடுன்னேன்.

எனக்கு உசரமெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க. அந்தா சுவத்துல எங்க கல்யாண போட்டோ. நான் சேர்ல உக்காந்திருக்கேன், பொன்மணி பக்கத்துல நிக்கறா. போட்டோக்காரன்தான் அப்படி வெச்சான். அப்ப அது ஒரு ஸ்டைலு.

புது வண்டின்னா நம்ம கைக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் திருத்திக்கறதுதான. ஷெட்டுக் கதவைச் சாத்தீட்டு நானே ஸ்பேனரைப் புடிச்சேன். முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் புடிச்சுட்டு ரெண்டு குழாய் நிக்குது பாருங்க, அதுதான் ஃபோர்க்கு. அதோட கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயை மேல ஏத்தி முறுக்கிட்டா, வண்டி மூக்கு கீழ எறங்கும். பின்னாலயும் அதே அளவுக்குத் தணிக்கோணும், முன்னால மட்டும் தணிச்சா வண்டி நிலையா ஓடாதுன்னு வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்குது. பின்னால தணிக்க ஒரு சாமான் வாங்கோணும். வாங்கப்போனா கடைக்காரன் எதுக்குங்கன்னு கேப்பான். எதுக்கு அந்தப் பேச்சுன்னு முன்னால மட்டும் பண்ணிப்போட்டேன். கால் பெருவிரல் தரையில நல்லாவே ஊனுச்சு.

அதுக்கப்பறம் வண்டி சேட்டை பண்ண ஆரம்பிச்சுதுங்க. வேகம் எடுத்தா ஹேண்டில்பாரு கெடந்து தலையாட்டும், மாட்டு மேல ஈ உக்காந்தாப்ல. இன்னொண்ணு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுசா ஒடிச்சுத் திருப்புனா பொட்டுன்னு நின்னுபோகும். லைட்டு, மீட்டரு, இன்ஜினு, அத்தனையும் செத்துப்போகும். நேரா நிமுத்திச் சாவியப் போட்டா மறுபடி ஸ்டார்ட்டாகும். சில சமயம் ஃபியூஸே போயிரும்.

சர்வீஸுக்குக் கொண்டுபோய் உட்டேன். பேட்டரிய மாத்துனாங்க. எர்த்து ஒயரைச் சொரண்டிச் சுத்தம் பண்ணுனாங்க. சாவி சுச்சை மாத்துனாங்க. மறுபடி நின்னுது. நீங்க வண்டியில ஏதாச்சும் கைய வெச்சீங்களா சார்னு அந்த மெக்கானிக் கேட்டான். நான் எதுக்குப்பா வெக்கறேன்னேன். மூஞ்சிக்கு நேரா என்னைப் பொய்யன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. ஓனருக்குப் போனைப் போட்டுக் கத்துன கத்துல அவனை வேலைய உட்டே அனுப்பிப்போட்டாங்க. ரெண்டு புள்ளைங்களாம் அவனுக்கு. தொழில் தெரியாதவன் என்ன பண்றது, சொல்லுங்க.

அப்பத்தான் நவநீதன் வந்தான். அண்ணா, கரண்டுக் கோளாறுதான, நான் பார்க்கறேன்னான். நல்ல மனசுதான், நான் இல்லைங்கல. ஆனா எங்க வெச்சுப் பார்த்தாங்கறீங்க? இங்க ஷெட்டுல வெச்சுப் பார்த்திருக்கலாம். ஞாயித்துக்கெழமை, டீக்கடை வாசல்ல, பொள்ளாச்சிக் கோஷ்டி பூராவும் சுத்தி நிக்கறப்ப பார்த்தான். நான்தான் பாருடான்னேன், அது வேற. மடியில கரண்டு பாக்கற மீட்டரை வெச்சுட்டு, ஒயரைத் தொட்டுட்டு, ஹேண்டில்பாரை மெதுவா இடப்பக்கம் ஒடிக்கறான், மீட்டரைப் பாக்கறான், மறுபடி ஒடிக்கறான். அப்பறம் கையை உள்ள உட்டுத் தடவிப் பார்த்தான். தடவிப்போட்டு நிமுந்து என்னைக் கேக்கறான்.

“அண்ணா, கால் எட்டறதுக்காக ஃபோர்க்க ஏத்தி வெச்சீங்களா? அதுனாலதான் வண்டி தலையாட்டுது. ஒடிக்கறப்ப அந்தக் குழாய்தான் ஒயரை டேங்க்கோட வெச்சு நசுக்குது. ரெண்டும் ஒரே கோளாறுதாண்ணா.”

டாக்டர் ஒருத்தர் டீக்கடைக்காரரைக் கூப்புட்டு, சாருக்கு ஒரு முக்காலி போடுப்பான்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது? நவநீதன் மட்டும் சிரிக்கல. தலையக் குனிஞ்சுட்டு ஒயருக்கு டேப்பு சுத்தீட்டு இருந்தான். அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சிருந்தான்னா உட்டிருப்பனுங்க. பாவப்பட்டான் பாருங்க. என்னைப் பார்த்து, அவன் பாவப்பட்டான்.

எனக்கு அதெல்லாம் மனசுல கெடையாது. அன்னிக்கே மறந்துட்டேன்.

அவனே ஃபோர்க்க எறக்கிப் பழையபடி வெச்சுக் குடுத்தான். நசுங்குன ஒயருக்குப் புதுசு போட்டு அதே எடத்துல கட்டுனான். வண்டி ஜம்முன்னு ஓடுச்சு, இல்லைன்னு சொன்னா வாய் அழுகிப்போகும். ஆனா அந்த வாரமே ரேஷன் கடைகிட்ட, கூட்டம் நிக்கற நேரம் பார்த்து, நின்ன எடத்துலயே வண்டியோட சாஞ்சேன். கல்லு தடுக்கிருச்சுங்க. நாலு பொம்பளைங்க வந்து தூக்கி உட்டாங்க. ஊட்டுக்கு வந்து ஷெட்டுக் கதவைச் சாத்தீட்டு, மறுபடி ஃபோர்க்க ஏத்திக்கிட்டேன். என்ற வண்டி, என்ற ஸ்பேனரு. யாருகிட்டச் சொல்லோணும்?

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. கோஷ்டி திருமூர்த்தி மலை அடிவாரத்துக்குப் போறதாப் பேச்சு. எனக்கு அவிய மூஞ்சியப் பார்க்கவே புடிக்கல. நவநீதன் வந்தான். கண்ணு, நீ எடுத்துட்டுப் போ, நல்லா முறுக்கி ஓட்டிப் பார்த்துச் சொல்லுன்னேன். சந்தோசமா எடுத்துட்டுப் போனான். ஏனுங்க? ஃபோர்க்க மறுபடி ஏத்தி வெச்சதைச் சொன்னீங்களான்னா கேக்கறீங்க? அவன் கேக்கலீங்களே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். சரி பண்ணிக் குடுத்த வண்டிதானன்னு கேக்காம ஏறுனது அவன் தப்பு.

வாய்க்கா மேட்டுல போயிட்டு இருந்தவன், தண்ணியில்லாத வாய்க்காலுக்குள்ள வண்டியோட உழுந்துட்டான். தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. ஹெல்மெட்டுப் போட்டிருந்தும் மண்டையில நல்ல அடி. பின்னால வந்த பொள்ளாச்சிக்காரர் ஒருத்தரு, வண்டி தலையாட்டுச்சு, ஹேண்டில் இடப்பக்கம் போய் முட்டுச்சு, இன்ஜின் சத்தம் நின்னுது, அப்பறம்தான் உழுந்தான்னாரு. அவரு என்னத்தைப் பார்த்திருக்கப்போறாரு, புழுதியில. தகவல் வந்ததும் ஓடுனேன். ஓடி முதல்ல வண்டிய லோடு ஆட்டோவுல ஏத்தி இங்க ஷெட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அவனைத் தூக்கறதுக்கு ஆம்புலன்ஸ் வரும், ஆளுக இருக்காங்க. வண்டிய அங்க உட்டா கண்டவனும் கைய வெச்சுப் பார்ப்பான். நல்லவேளை, ஒரு லிவரு வளைஞ்சதோட போச்சு.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போனேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். அவங்கம்மா என்ற கையப் புடிச்சுட்டு அழுதாங்க. பையன் கண்ணை முழிச்சு என்னையே பாக்கறான்.

“அண்ணா, வண்டி சரியாத்தான இருந்துச்சு? எனக்கு எப்படி உழுந்தேன்னே ஞாபகம் வரமாட்டேங்குது.”

“சரியாத்தான் இருந்துச்சு சாமி. நீ சரி பண்ணின வண்டியாச்சே.”

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அடிபட்டுக் கெடக்கறவன்கிட்ட ஃபோர்க்கு, ஒயருன்னு பேசிட்டு இருக்க முடியுமா? நான்தான் அவன் நெத்தியில திருநீறு வெச்சு உட்டேன்.

இப்ப நீங்களே யோசனை பண்ணிப் பாருங்க. வண்டி சரியா இருக்குது. ரோட்டுல ஆடு மாடு கெடையாது. ஓட்டுறவனுக்கு உழுந்தது ஞாபகமில்ல. அப்படின்னா என்ன? அந்த வார்த்தைய நான் என்ற வாயால சொல்லமாட்டேன். வலிப்புன்னு நான் சொன்னேன்னு நாளைக்கு யாரும் சொல்லப்படாது. ஆனா அவங்க பாட்டன் வழியில ஒருத்தருக்கு அது இருந்துச்சுன்னு ஒரு கேள்வி. எங்க பாட்டனும் அவங்க பாட்டனும் அண்ணந்தம்பிதான், இருந்தாலும் அது அந்தப் பக்கம் மட்டுந்தான். எங்க பக்கம் வரல.

ஸ்கேனெல்லாம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லைன்னுதான் வந்துச்சு. ஸ்கேனுக்கு என்னங்க தெரியும்? அவன் கம்பெனி மேனேஜர் நம்ம கடைக்குத் தேங்கா வாங்க வருவாரு. அவரு காதுல நான்தான் ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். அத்தனை உசரத்துல நிக்கறப்ப வந்துட்டா? உசுரு போனா வருமா? ஒரு நல்லெண்ணத்துலதான் சொன்னேன். கால் கூடுனதும் மறுபடி மேல ஏறப்போறேன்னு ஆசையாப் போனவனைக் கீழயே உக்கார வெச்சுட்டாங்க. ஸ்டோர்ல போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கற வேலை. கால் லேசா விந்தும், மத்தபடி பத்திரமா இருக்கான்.

முதல்ல எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லைன்னு எல்லார்கிட்டயும் சண்டைக்குப் போயிட்டு இருந்தான். இப்ப அவனே நம்பிட்டானுங்க. பாத்ரூம் போனாக்கூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடறதில்லையாம், அவங்கம்மா சொல்லி அழுதாங்க. கெணத்துப் பக்கம் போறதில்ல. ரோட்டுல போறப்பக் கூட சுவத்தோரமாவே போறான். நான் போய் அப்பப்ப ஆறுதல் சொல்லிட்டுத்தான் வர்றேன். அந்தப் பழைய பேச்சு, டீக்கடைல எல்லார்த்துக்கும் முன்னால நிமுந்து பேசுனானே, அந்தப் பேச்செல்லாம் இப்ப இல்ல. ரொம்ப அடக்கமாயிட்டான்.

இவ்வளவுதானுங்க. பையன் தங்கம். முடிவு உங்களோடது. என்ன மாமா, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? எளநிய முழுசாக் குடிக்கவே இல்ல. பஸ்ஸுக்கா? இருங்க, நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து உடறேன். நடந்து போறாராம். எங்கூட்டுக்கு வந்துட்டு நடந்து போறதா?

இந்தக் கல்லு மேல நின்னு ஏறுறது ஒரு பழக்கமுங்க, வேறொண்ணுமில்ல. நீங்க அப்படியே பின்னால ஏறிக்கோங்க. பை இருக்கட்டும், முன்னால வெச்சுக்கறேன். நான் எப்பவும் வலப்பக்கமாத்தான் சுத்திட்டுப் போறது. கொஞ்சம் சுத்துதான், ஆனா இடப்பக்கம் முழுசா ஒடிக்கறதில்ல, வேகமாவும் போறதில்ல. நமக்கு வண்டியோட கொணம் தெரியும். அந்த ரேஷன் கடை ஒண்ணைத் தவிர நான் உழுந்ததே இல்ல. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுனா வண்டி எதுக்குங்க தள்ளப்போகுது?

அடக் கெரகமே, எவன் ஆட்டை இப்படி அவுத்து உட்டது? குறுக்க வந்துச்சா, ஒடிச்சுட்டேன். நின்னுபோச்சு பாருங்க. ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்ல. நீங்க மெதுவா எறங்குங்க. எறங்கி அப்படியே அந்தக் கேரியரைக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. ஸ்டாண்டு போடோணும்னா நான் எறங்கோணும், நான் எறங்கோணும்னா நீங்க புடிக்கோணும். இந்தப் பக்கம் பள்ளம் வேற.

எதுக்கு மாமா அந்தக் குழாயையே பாக்கறீங்க? ஆமா, ஏத்தித்தான் இருக்குது. அதான் சொன்னனே. அதுக்கும் அவனுக்கு வந்ததுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தா வர்றான். தாங்கித் தாங்கி நடக்கறானே, அவன்தான். கம்பெனி பஸ்ஸுல எறங்கி வர்றான் போல. நீங்க அவன்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாங்க. சிரிச்சா சிரிச்சு வைங்க, போதும். இந்தக் குழாய் விசயமெல்லாம் இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா அவன் ஒடைஞ்சு போயிருவான். இத்தனை நாளா எனக்கு இருக்குது, இருக்குதுன்னு மனசைத் தேத்தி வெச்சிருக்கான், அதை எதுக்குக் கெடுக்கோணும்? கொஞ்சம் புடிங்க, அவன் பாக்கறதுக்குள்ள நான் எறங்கிக்கறேன். புடிச்சீங்களா? இப்ப இந்தக் காலைத் தூக்கறேன்.

என்னங்க, எங்க போறீங்க? அவனை எதுக்குக் கூப்புடறீங்க? நவநீதா, நீ வராத, ஓடி வராதடா, அங்கயே நில்லு. மாமா, சொன்னாக் கேளுங்க, கைய உட்றாதீங்க. வண்டி சாயுது மாமா.

எனக்குக் கால் எட்டாதுங்க.